தோடர் பூத்தையலும் மகளிர் அதிகாரமும்: சமூகத் தொழில்முனைவு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நீலகிரி மலையில் வாழும் தோடர் இன மகளிரின் பூத்தையல், சடங்கிற்குரிய கைவேலை என்னும் நிலையிலிருந்து சந்தைப் பொருள் என்னும் நிலையை அடைந்துள்ளது. 2013ஆம் ஆண்டில் அது புவிசார் குறியீடும் பெற்றது. இம்மாற்றம் சமூகத் தொழில்முனைவின் வெற்றியாகப் பரவலாகச் சுட்டப்படுகிறது. எனினும், வருவாய் பெறுவதும் அதிகாரம் பெறுவதும் ஒன்றல்ல. விலை, வடிவம், பெயர் ஆகிய மூன்றின் மீதும் முடிவெடுக்கும் உரிமை தைப்பவரிடம் எந்த அளவிற்கு இருக்கிறதோ, அந்த அளவே இத்தகைய முயற்சிகளின் பயனை மதிப்பிடும் அளவுகோலாக அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: தோடர், பூத்தையல், சமூகத் தொழில்முனைவு, மகளிர் அதிகாரம், புவிசார் குறியீடு, உற்பத்தியாளர் நிறுமம்

1. முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் 7,94,697 பேர். இது மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. இவர்களுள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குடியினர் நடுவண் அரசால் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். அவர்களுள் தோடர் எண்ணிக்கையால் சிறிய குழுவினர். ஏறத்தாழ 2,000 பேர் மட்டுமே உள்ளனர்.

எண்ணிக்கையில் சிறிய இக்குழு ஆய்வுலகில் பெரிதும் அறியப்பட்டது. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூல் இனவரைவியலின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. எம். பி. எமனோ தோடர் மொழியையும் பாடல்களையும் விரிவாக ஆராய்ந்தார். 1937இல் தோடர் ஆடையும் பூத்தையலும் குறித்துத் தனிக் கட்டுரையும் எழுதினார். இத்தகைய தொடக்ககால ஆய்வுகளில் பூத்தையல் பண்பாட்டுப் பொருளாகவே முதன்மையாகப் பார்க்கப்பட்டது. அதைச் செய்யும் பெண்ணின் உழைப்பு, அவ்வுழைப்பின் விலை, அதன் மீதான உரிமை ஆகியவை இன்று தனிக் கவனம் பெற வேண்டியவையாக உள்ளன.

2. கருத்தாக்க அடிப்படை

சமூகத் தொழில்முனைவு என்பது சமூகப் பயனை முதன்மை நோக்கமாகக் கொண்டு, அந்நோக்கத்தைத் தொழில் முறைகளின் வழியே நிறைவேற்றும் முயற்சியாகும். ஜே. கிரெகரி டீஸ் 1998இல் எழுதிய கட்டுரை இக்கருத்தாக்கத்திற்குத் தெளிவான வரையறை தந்தவற்றுள் முதன்மையானது. அவரது விளக்கத்தில் தொழில்முனைவோர் மாற்றத்தின் முகவர் ஆவார்; ஈட்டும் இலாபத்தைக் காட்டிலும் உருவாக்கும் சமூக மதிப்பே அவருக்கு அளவுகோலாகும்.

இவ்வரையறையைப் பழங்குடி மகளிருக்குப் பொருத்தும்போது ஒரு வினா எழுகிறது. மாற்றத்தின் முகவர் யார்? பொருளை வாங்கி விற்கும் வெளியாரா, அதைச் செய்யும் பெண்ணா? முன்னவர் எனில் அப்பெண் பயனாளி மட்டுமே. பின்னவர் எனில் அவரே தொழில்முனைவோர். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான தொலைவே இத்துறையின் மையச் சிக்கல் எனலாம்.

தமிழில் வழங்கும் கலைச்சொற்களும் இத்தொலைவைக் காட்டுகின்றன. 'அதிகாரமளித்தல்' என்ற சொல்லில் அளிப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற பிரிவு உள்ளது. 'அதிகாரம் பெறுதல்' என்பதில் பெண்ணே எழுவாயாகிறாள். இக்கட்டுரை பின்னைய பொருளையே மேற்கொள்கிறது.

நைலா கபீர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில் அதிகாரத்தை மூன்று கூறுகளாகப் பகுத்தார். வளங்கள், செயல்முனைப்பு, எய்தும் பயன்கள் என்பன அவை. பணம், நிலம், திறன் போன்றவை வளங்கள். தனக்கான இலக்கை வகுத்து அதன்படி செயல்படும் ஆற்றல் செயல்முனைப்பு. இவ்விரண்டின் விளைவாக வாழ்வில் நேரும் மாற்றமே பயன். வளம் இருந்தும் முடிவெடுக்கும் ஆற்றல் இல்லாத நிலை உண்டு என்பதே இப்பகுப்பு உணர்த்தும் முதன்மைச் செய்தி. தோடர் பூத்தையலை ஆராய இது பெரிதும் துணைபுரிகிறது.

3. தோடர் சமூகத்தில் பெண்ணின் இடம்

தோடரின் மரபு வாழ்வு எருமையை மையமாகக் கொண்டது. எருமைகளுள் புனிதமானவை தனியே பேணப்படும். அவற்றின் பாலைக் கறந்து, கடைந்து, பதப்படுத்தும் இடமே அவர்களது வழிபாட்டிடமுமாகும். இப்பால்மனையில் பணியாற்றும் உரிமை ஆடவருக்கு மட்டுமே உண்டு. பெண்கள் அதனுள் நுழைவதில்லை. எருமை மந்தையும் தந்தைவழியில் மகன்களுக்கே சென்றது. ஆகவே, குடியின் பொருளியல் மையமும் சமய மையமும் ஒரே இடத்தில் அமைந்தன. அவ்விடத்திற்குப் பெண்கள் புறத்தே இருந்தனர்.

பொதுச் சட்டமும் இந்நிலையை எளிதில் மாற்றவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என அதன் இரண்டாம் பிரிவே கூறுகிறது. மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை வழங்கிய 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இதனால் பழங்குடிப் பெண்களைத் தானாகச் சென்றடைவதில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மணமானவர்க்குரிய உரிமை ஆவணத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்கிறது. அது வனநிலத்திற்கு மட்டுமே உரியது.

இப்பின்புலத்தில் பூத்தையலின் தனித்தன்மை புலப்படும். எருமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்ல, தையல் தாயிடமிருந்து மகளுக்குச் செல்கிறது. தோடர் பண்பாட்டில் பெண்கள் முழுமையாகத் தம் வசம் கொண்டுள்ள வளங்களுள் இது தலையாயது. இவ்வளத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் எந்த முயற்சியும் பெண்ணின் அந்த உரிமையை வலுப்படுத்தவோ குலைக்கவோ செய்யும்.

4. பூத்தையலின் தொழில்நுட்பம்

தோடர் துணி நெய்வதில்லை. வெண்மை மங்கிய பருத்தித் துணி வெளியிலிருந்தே வாங்கப்படுகிறது. அதன் மீது சிவப்பும் கறுப்புமான நூலால் பெண்கள் தைக்கின்றனர். இவ்வாறு அணிசெய்யப்பட்ட போர்வை 'பூத்துக்குளி' எனப்படும். ஆண், பெண் இருபாலரும் இதை அணிவர். விழாக்களுக்கும் சடங்குகளுக்கும் இது இன்றியமையாதது. இறந்தோரின் உடல்மீதும் இப்போர்வை போர்த்தப்படும்.

தைக்கும் முறை நுட்பமானது. துணியில் முன்வரைவு எதுவும் இடப்படுவதில்லை; சட்டகமும் பயன்படுத்தப்படுவதில்லை. துணியின் ஊடையையும் பாவையும் விரலால் எண்ணி, உரிய இடத்தில் ஊசி செலுத்தப்படுகிறது. ஓர் இழை தவறினும் வரிசை முழுவதும் பிறழும். துணியின் பின்புறத்திலிருந்து தைக்கப்படுவதால் வடிவம் மறுபுறத்தில் உருவாகிறது. ஊசியைத் திருப்பும்போது நூல் சிறிது புடைத்து நிற்குமாறு விடப்படும். இதனால் துணி நெய்யப்பட்டது போன்ற தடிப்பைப் பெறுகிறது. முடிந்த துணியின் இருபுறமும் பயன்படுத்தத்தக்கவை.

வடிவங்கள் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. எருமைக் கொம்பு, முயற்காது, ஞாயிறு, திங்கள் முதலியன கோணங்களாகவும் கட்டங்களாகவும் உருப்பெறுகின்றன. இவற்றிற்கான வரைபட ஏடு மரபில் இல்லை. கணக்கும் வடிவமும் பெயரும் பெண்களின் நினைவிலேயே உள்ளன. எனவே இத்திறன் எளிதில் பறிக்க இயலாதது. அதே காரணத்தால், ஒரு தலைமுறை கற்கத் தவறினால் மீட்க இயலாததுமாகும்.

5. சடங்கிலிருந்து சந்தைக்கு

எருமைப் பொருளியல் சுருங்கியதே பூத்தையல் சந்தையை நோக்கி நகர்ந்ததன் பின்னணியாகும். மரபில் தோடர் நெய்யும் பாலும் தந்து, படகரிடமிருந்து தானியமும் கோத்தரிடமிருந்து மட்கலமும் இரும்புக் கருவியும் பெற்றனர். பிரித்தானியர் வருகைக்குப் பின் மலையின் புல்வெளிகள் தேயிலைத் தோட்டங்களாகவும், பின்னர் சீகை, தைலமரக் காடுகளாகவும் மாறின. மேய்ச்சல் நிலம் குறைய மந்தையும் குறைந்தது. குடும்பத்தின் பணத்தேவை பெருகிய நிலையில், பெண்களின் கைவேலை வருவாய்க்குரிய வழிகளுள் ஒன்றாயிற்று.

இன்று சால்வை மட்டுமன்றி மேசை விரிப்பு, கைப்பை, பணப்பை, கைபேசி உறை எனச் சிறு பொருள்களும் தைக்கப்படுகின்றன. சிறு பொருள் விரைவில் முடியும். பணமும் விரைவில் கைக்கு வரும். வீட்டு வேலைகளுக்கு இடையே, மந்தின் முற்றத்தில் வெயிலில் அமர்ந்தே தைக்கலாம். வேலைக்காக வெளியூர் செல்ல வேண்டியதில்லை. இவை உண்மையான நன்மைகள். குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல.

எனினும், வீட்டிலிருந்து செய்யும் வேலை கணக்கிற்கு வராத வேலையாகவும் ஆகிவிடுகிறது. பொருளுக்கு இவ்வளவு எனக் கூலி தரப்படும்போது, அதற்குச் செலவான நேரம் மறைந்துபோகிறது. ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு சால்வையைத் தைக்க 150 மணி நேரம் ஆவதாகவும், அதற்கு ரூ.3,600 தரப்படுவதாகவும், துணிக்கும் நூலுக்கும் ரூ.600 தைப்பவரே செலவிடுவதாகவும் கொள்வோம். எஞ்சும் ரூ.3,000ஐ 150ஆல் வகுத்தால் மணிக்கு ரூ.20 மட்டுமே கிடைக்கும். கடையில் அச்சால்வையின் விலை ரூ.7,500இலிருந்து ரூ.9,000ஆக உயர்ந்தாலும், தைப்பவர் பெறும் தொகை உயராவிடில் அந்த ரூ.20 மாறுவதில்லை. விற்பனை பெருகியது என்ற செய்தி மட்டும் பெண்ணின் நிலை உயர்ந்ததற்குச் சான்றாகாது என்பதையே இக்கணக்கு காட்டுகிறது.

இழைகளை ஒன்றுவிடாமல் எண்ணும் இத்தொழிலில் மணிகள் எண்ணப்படுவதில்லை என்பது கருதத்தக்கது. வீட்டிலிருந்து உழைப்போருக்குப் பிற தொழிலாளருக்கு இணையான நடத்துமுறை வேண்டும் என 1996ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை வலியுறுத்துகிறது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே, உழைப்பு நேரத்தை விலையில் சேர்க்கும் பொறுப்பு பெரிதும் வாங்குவோரின் அறவுணர்வையும் தைப்போரின் பேரம்பேசும் வலிமையையுமே சார்ந்துள்ளது.

வடிவம் குறித்த முடிவும் இதைப் போன்றதே. சிறு பொருள்களில் முழு வடிவத்திற்கு இடமில்லை. அதன் ஒரு துண்டே இடம்பெறும். வாங்குவோர் வேறு நிறமோ எளிய வடிவமோ கேட்கலாம். இவற்றை ஏற்பதும் மறுப்பதும் தைப்பவரின் உரிமையாக இருந்தால் அது படைப்புச் சுதந்திரம். மறுத்தால் வேலை கிடைக்காது என்ற நிலை இருந்தால் அது வெறும் கூலிவேலை. சடங்கிற்குரிய எவ்வடிவத்தைச் சந்தைக்கு அனுப்பலாம், எதை அனுப்பலாகாது என்ற முடிவுக்கும் இது பொருந்தும்.

6. புவிசார் குறியீடு: காப்பதும் காவாததும்

தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு கோரித் தோடர் நலவாழ்வுச் சங்கமும், கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையும், பூம்புகார் எனப் பரவலாக அறியப்படும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமும் இணைந்து விண்ணப்பித்தன. 2013இல் குறியீடு வழங்கப்பட்டது. குடிமக்களின் சங்கம், தன்னார்வ அமைப்பு, அரசு நிறுவனம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இம்முயற்சி குறிப்பிடத்தக்கது.

இக்குறியீட்டின் இன்றியமையாமையைப் பிற சட்டங்களோடு ஒப்பிட்டு அறியலாம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் புதிய வடிவத்தையே காக்கும். தொன்மையான வடிவத்திற்கு அங்கே இடமில்லை. பதிப்புரிமை, அடையாளம் காணத்தக்க ஆசிரியரையும் குறிப்பிட்ட காலவரம்பையும் எதிர்பார்க்கும். பல தலைமுறைகள் கூடி உருவாக்கிய வடிவத்திற்கு ஆசிரியர் ஒருவர் இல்லை. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டமோ குழுவின் பொது உரிமையை ஏற்கிறது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், தொடர்ந்து புதுப்பிக்கலாம். அக்குறியீட்டை விற்கவோ பிறருக்கு மாற்றித் தரவோ இயலாது.

இருப்பினும், சட்டம் காப்பது பெயரையும் தோற்ற இடம் பற்றிய அடையாளத்தையுமே ஆகும். இயந்திரத்தில் தைத்த துணியைத் தோடர் வேலைப்பாடு எனக் கூறி விற்பதும், அவ்வாறு நம்பச் செய்யும் வகையில் முன்வைப்பதும் குற்றமாகும். அதே கோணங்களையும் நிறங்களையும் வேறு பெயரில் விற்போர் மீது நடவடிக்கை எடுப்பது எளிதன்று. இயந்திரப் போலி, விலையால் கைவேலையைத் தோற்கடிக்கிறது. வேறுபாடறியாத சுற்றுலாப் பயணி மலிவானதையே வாங்குகிறார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இச்சட்டத்தின்படி பதிவேடு இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதியில் குறியீடும் அதன் பதிவுபெற்ற உரிமையாளரும், இரண்டாம் பகுதியில் அதைப் பயன்படுத்த ஏற்பளிக்கப்பட்ட பயனரும் இடம்பெறுவர். உரிமையாளராகச் சங்கமோ நிறுவனமோ இருக்கலாம். ஆனால், குறியீட்டைப் பொருள்மீது பயன்படுத்தும் தனியுரிமையும், மீறல் நேர்ந்தால் தம் பெயரில் தீர்வு கோரும் உரிமையும் ஏற்பளிக்கப்பட்ட பயனருக்கு உண்டு. ஆகவே, தைக்கும் பெண்ணின் பெயர் இரண்டாம் பகுதியில் பதிவாவதே சட்டத்தின் பயன் அவரைச் சென்றடையும் வாயில். குடியின் பெயர் பதிவேட்டில் இருந்து, தைப்பவரின் பெயர் இல்லாவிடில், கபீர் சுட்டிய வேறுபாடே இங்கும் நிலவும்: வளம் உண்டு, அதைக் கையாளும் ஆற்றல் இல்லை.

7. நிறுவன வடிவங்களும் முடிவெடுக்கும் உரிமையும்

பழங்குடி மகளிர் தொழில் செய்ய இன்று மூன்று வடிவங்கள் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது, மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கி, மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் விரிந்த அமைப்பு இது. சேமிப்பும் கடனும் இதன் வலிமைகள். கந்துவட்டிக்குச் செல்லாமல் நூலும் துணியும் வாங்க இது உதவும். விற்பனையையோ குறியீட்டையோ நிருவகிக்க இது மட்டும் போதாது.

இரண்டாவது, நியாய வணிக நிறுவனம். நீலகிரியில் 2010இல் தொடங்கப்பட்ட லாஸ்ட் ஃபாரஸ்ட் இவ்வகைக்குச் சான்று. தேன், காப்பி முதலியவற்றோடு கைவினைப் பொருள்களையும் நகரச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் இத்தகைய நிறுவனங்கள் இடைத்தரகரின் பிடியைத் தளர்த்துகின்றன. எனினும், பெண் இங்குப் பொருள் வழங்குநரே. விலைக் கொள்கை நிறுவனத்தின் நன்னோக்கைச் சார்ந்தது.

மூன்றாவது, உற்பத்தியாளர் நிறுமம். 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி நிறுமச் சட்டத்தில் இடம்பெற்ற இவ்வடிவம், கூட்டுறவின் மக்களாட்சியையும் நிறுமத்தின் வணிகத் தன்மையையும் இணைக்கிறது. உற்பத்தியாளர் பத்துப் பேர் சேர்ந்து இதனைத் தொடங்கலாம். உறுப்பினர் தனிநபர்களாக இருப்பின் பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே உண்டு. ஆண்டு மிகுதியை, நிறுமத்தின் வணிகத்தில் ஒவ்வொருவரும் பங்கேற்ற அளவிற்கேற்பப் பகிரலாம். 2013இல் உருவான ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுமம் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகப் பகுதியின் பழங்குடியினரையே பங்குதாரராகக் கொண்டது. 2021இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருதை இது பெற்றது. காட்டுவிளைபொருளிலும் வேளாண் பொருளிலும் இவ்வடிவம் நடைமுறைக்கு உகந்தது என்பதற்கு இது சான்றாகும்.

பூத்தையலுக்கு இவ்வடிவத்தைக் கொண்டுவருவதில் இடர்ப்பாடுகளும் உண்டு. மந்துகள் மலையில் சிதறிக் கிடக்கின்றன. கூட்டத்திற்குச் செல்வதும் கணக்கு எழுதுவதும் பெண்ணின் பணிச்சுமையைக் கூட்டும். கணக்கும் பேச்சும் அறிந்த ஒருசிலரிடம், குறிப்பாகக் குடும்பத்து ஆடவரிடம், நிருவாகம் சென்று சேரும் வாய்ப்பும் உண்டு. எனவே உறுப்பினர் உரிமை குடும்பத் தலைவருக்கு அன்றித் தைக்கும் பெண்ணுக்கே உரியது என விதியிலேயே வரையறுப்பது இன்றியமையாதது.

இம்மூன்றும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. கடனுக்குக் குழுவும், சந்தைக்கு வணிக நிறுவனமும், விலைக்கும் பெயருக்கும் தம் நிறுமமும் எனப் பெண்கள் இவற்றை இணைத்துக் கையாளலாம். எந்த முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

8. முடிவுரை

தோடர் பூத்தையலைச் சந்தை அழிக்கிறது என்ற கருத்தும், சந்தையே அதை வாழவைக்கிறது என்ற கருத்தும் ஒருபக்கச் சார்புடையவை. வருவாய் இல்லையெனில் இளம்பெண்கள் இதனைக் கற்கும் ஊக்கம் குறையும். வருவாய் மிகக் குறைவாயினும் அதுவே நேரும். ஆகவே, மரபு நிலைப்பதற்கும் தைப்பவருக்கு உரிய கூலி கிடைப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

சமூகத் தொழில்முனைவு முயற்சிகளை மதிப்பிடுகையில், எத்தனை பெண்கள் வேலை பெற்றனர், எவ்வளவு விற்பனையானது என்பனவற்றோடு வேறு மூன்று வினாக்களும் கேட்கப்பட வேண்டும். உழைப்பு நேரம் விலையில் கணக்கிடப்படுகிறதா? வடிவத்தை ஏற்கவும் மறுக்கவும் தைப்பவருக்கு உரிமை உண்டா? குறியீட்டின் பயனராக அவர் பெயர் பதிவாகியுள்ளதா? இம்மூன்றும் அளந்தறியத்தக்கவை, பிற பழங்குடி மகளிரின் கைத்தொழில்களுக்கும் பொருந்துபவை.

பால்மனைக்குப் புறத்தே நிறுத்தப்பட்ட பெண்கள், எண்ணியும் நினைவில் இருத்தியும் தமக்கென ஒரு துறையைத் தலைமுறைகளாகக் காத்துவந்துள்ளனர். அத்துறை சந்தைக்கு வந்தபின் அதன் கணக்கேடு வேறொருவர் கைக்கு மாறுமாயின், புதிய வருவாயுடன் பழைய விலக்கே தொடரும். அக்கணக்கேடும் தைப்பவர் கையில் இருக்கும்போதுதான் அது அதிகாரம் பெறுதல் என்னும் பெயருக்குத் தகும்.